புகைக்கரியை எண்ணத் தொடங்குங்கள்

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளை வகுக்கும் தொழில்நுட்பக் குழுவினர்;
தமிழ்நாடு போக்குவரத்து ஆணையரக அதிகாரிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

டீசல் வண்டிக்குத் தரப்படும் புகைச் சான்றில் ஒரு சிறிய எண் அச்சாகியிருக்கும். பாரத் ஸ்டேஜ் என்ற நம் வாகன மாசு விதிகளின் ஆறாம் கட்டத்துக்கு, அதாவது பிஎஸ்-6க்கு, உட்பட்ட வண்டியானால் அது 0.7ஐத் தாண்டக் கூடாது. பிஎஸ்-4 வண்டிக்கு 1.62; அதற்கும் முந்தையவற்றுக்கு 2.45. வண்டிக்காரர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. தேறிவிட்டதா என்று மட்டும் கேட்டுச் சான்றை மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்வார்கள். நான் அந்த எண்ணைப் படித்துக் கவலைப்படும் தொழிலில் இருக்கிறேன். என்ஜின் புகையிலிருந்து கரித்துகளைப் பிடித்து, நிறுத்து, எண்ணி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. சான்று சொல்வதும் சைலன்சரிலிருந்து வெளிவருவதும் இன்று வெவ்வேறாகிவிட்டன என்பதைத் தங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கிறார்கள். சீறி வரும் புகை ஒரு குழாய்க்குள் போகிறது. குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளி உணரி. விளக்கின் ஒளியில் எவ்வளவு பங்கைப் புகை மறைத்தது என்பதே அளவு. ஹார்ட்ரிட்ஜ் என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இந்த அளவுமுறையில் புகை நிற்கும் தூரம் 43 சென்டிமீட்டர். 65 ஹார்ட்ரிட்ஜ் என்றால், முழங்கை அளவுள்ள அந்தத் தூரத்துக்குள் 65 சதவீத ஒளி மறைந்துபோகலாம் என்று பொருள். சான்றில் 2.45 என்று அச்சாவதும் இதே அளவுதான், வேறு அலகில். பழைய வண்டிகளுக்கு நாம் அனுமதித்த அளவு அது. பிஎஸ்-4க்கு 50, பிஎஸ்-6க்கு 26 என்று படிப்படியாகக் குறைத்திருக்கிறோம்.

இந்தக் கருவியை நான் பழிக்க மாட்டேன். நாசில் தேய்ந்த லாரி, ஏர் ஃபில்டர் அடைத்த பேருந்து, இழுவை வேண்டுமென்று பம்பில் டீசலைக் கூட்டி வைத்த டெம்போ, இவை எல்லாவற்றையும் அது பிடித்துக் கொடுத்திருக்கிறது. பழைய வண்டிகள் சாலையில் இருக்கும் வரை அதற்கு வேலை இருக்கும்.

ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அந்தச் சுத்தமான டீசலை நம்பித்தான் டீசல் கார்களிலும் லாரிகளிலும் பேருந்துகளிலும் துகள் வடிகட்டி வந்து அமர்ந்தது. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்று சொல்வது இதைத்தான். தேன்கூட்டு அமைப்பில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் கொண்ட ஒரு பீங்கான் கட்டை அது. ஒரு குழாயின் வாய் திறந்திருந்தால் அடி மூடியிருக்கும். பக்கத்துக் குழாய்க்கு வாய் மூடி, அடி திறந்திருக்கும். உள்ளே நுழைந்த புகை வெளியேற வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவிலுள்ள நுண்துளைச் சுவரைக் கடந்தே ஆக வேண்டும். வாயு கடக்கிறது, கரி சுவரிலேயே தங்குகிறது. நல்ல நிலையிலுள்ள டிபிஎஃப் நூறு துகள்களில் தொண்ணூற்றொன்பதைப் பிடித்துவிடும். காற்று மாசைக் குறைக்க இந்த நாடு எடுத்த நடவடிக்கைகளில் இதைவிடப் பயனுள்ளதாக ஒன்றிரண்டைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இப்போது அதே வண்டியைப் புகைச் சோதனை மையத்தில் நிறுத்துங்கள். கருவி பூச்சியம் காட்டும், அல்லது பூச்சியத்தை ஒட்டி ஏதோ ஒன்றைக் காட்டும். நல்லது. பிறகு டிபிஎஃப் உள்ளே விரிசல் விட்ட இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதற்கும் ஏறக்குறைய அதே விடைதான். வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்ட மூன்றாவது வண்டி வந்தாலும், டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் என்ஜின் நன்றாக எரிப்பதால், பெரும்பாலும் 0.7க்குள்ளேயே நின்று தேறிவிடும். மாணவர்கள் வரும்போது நாங்கள் செய்து காட்டுவது இதைத்தான். புகை மீட்டரில் மூன்று வண்டிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அதே குழாயில் துகள் எண்ணும் கருவியைப் பொருத்தினால், முதல் வண்டியில் கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள். மூன்றாவதில் பத்து லட்சத்தைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். ஆயிரம் மடங்கு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு சோதனையை வைத்துக்கொண்டுதான் சட்டப்படி சான்று தருகிறோம். லாரியை நிறுக்கும் எடைமேடையில் குண்டுமணித் தங்கத்தை வைத்துவிட்டு, முள் அசையவில்லை, ஆகவே தங்கமே இல்லை என்று எழுதித் தருவதற்கு ஒப்பானது இது.

ஏன் மீட்டர் அசையவில்லை? கரித்துகளின் அளவில் இருக்கிறது விடை. அது உருவாகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். விதி எழுதுகிறவர்கள் இதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்ஜெக்டரிலிருந்து டீசல் பீய்ச்சும்போது அந்தத் தாரையின் நடுப்பகுதிக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. இரண்டாயிரம் டிகிரியைத் தொடும் சூட்டில், எரிய முடியாத எரிபொருள் சிதைந்து அசிட்டிலீன் போன்ற சிறு மூலக்கூறுகளாகிறது. அவை சேர்ந்து வளையங்களாகின்றன. வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடுகளாகின்றன. தகடுகள் சுருண்டு அடுக்கி, 20 அல்லது 30 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாகின்றன. எல்லாம் சில மில்லிநொடிகளுக்குள். இப்படிப் பிறந்த கரியில் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். தப்பியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டு, கிளைவிட்ட சங்கிலிகளாக வெளியே வருகின்றன. ஒரு சங்கிலியின் நீளம் பெரும்பாலும் 50இலிருந்து 200 நானோமீட்டர் வரை. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மில்லிமீட்டர் செப்பு வலையில் இவற்றைப் படியவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் வெங்காயத் தோல்போல் கார்பன் அடுக்குகள் தெரியும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.35 நானோமீட்டர். அடுக்குகள் நேராக, நீளமாக இருந்தால் என்ஜின் சூடாக, சுமையோடு ஓடியிருக்கிறது. குட்டையாக, குழம்பிக் கிடந்தால் குளிர்ந்த என்ஜின், அரைகுறை எரிப்பு. துகளைச் சிறிது சிறிதாகச் சூடேற்றினால் முதலில் மேலே ஒட்டியிருக்கும் டீசலும் ஆயிலும் ஆவியாகும்; காற்றில் கார்பன் எரிவது அதற்கும் பிறகுதான். எஞ்சுவது சாம்பல். சாம்பலில் துத்தநாகமும் கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்திருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள்; ரிங் தேய்ந்திருக்கும், அல்லது டர்போவின் சீல் கசியும். ஒரு சிட்டிகைக் கரி அந்த வண்டியின் மருத்துவக் குறிப்பையே எழுதித் தந்துவிடும். இவ்வளவு பேசக்கூடிய பொருளிடம் நாம் கேட்கும் ஒரே கேள்வி, கறுப்பாக இருக்கிறாயா என்பது.

ஒளியின் அலைநீளம் 400இலிருந்து 700 நானோமீட்டர் வரை. அதைவிடப் பல மடங்கு சிறிய துகள் ஒளியை மறைப்பது அதன் எடையைப் பொறுத்தது. எடையோ மிகக் குறைவு. 100 நானோமீட்டர் உருண்டைகள் ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோமீட்டர் உருண்டையின் எடை வரும். 10 நானோமீட்டர் என்றால் பத்து லட்சம் வேண்டும். எனவே கருமை குறைந்தது என்பதால் துகள்கள் குறைந்தன என்று சொல்ல முடியாது. எடையிலும் இதே தடுமாற்றம் இருக்கிறது. டிபிஎஃப் உள்ள என்ஜினை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது, 47 மில்லிமீட்டர் வடிதாளை மைக்ரோகிராம் தராசில் முன்னும் பின்னும் நிறுப்போம். பல நேரங்களில் தாளில் ஒட்டிய ஆவியின் எடை கரியின் எடையைவிட அதிகமாக இருக்கும். ஐரோப்பியர்கள் இதனால்தான் ஐ.நா.வின் வாகன விதி அமைப்பின் கீழ் நீண்ட காலம் சோதித்துப் பார்த்துவிட்டு, 2011இல் டீசல் கார்களுக்கு எடை வரம்போடு எண்ணிக்கை வரம்பையும் சேர்த்தார்கள்.

அந்த எண்ணிக்கை வரம்பை நாமும் பிஎஸ்-6இல் அப்படியே எடுத்துக்கொண்டோம். டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும்; கரியின் உலகில் இது மிகச் சிறிய எண். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு லிட்டர் டீசல் என்ஜின், நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 லிட்டர் காற்றை இழுத்து வெளியே தள்ளும். புகையில் கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் துகள்கள் இருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் வெளிவருபவை 80,000 கோடி. சிக்னலில் ஒரு நிமிடம் நின்றதிலேயே ஒரு முழுக் கிலோமீட்டருக்கான அனுமதி தீர்ந்து, மேலும் மூன்றில் ஒரு பங்கும் போய்விட்டது. வடிகட்டி இல்லாத டீசல் என்ஜினுக்குப் பத்து லட்சம் என்பது சாதாரணம். கோடியைத் தொடுவதும் உண்டு.

ஆக, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்குமுன் புணேயிலும் மானேசரிலும் நம் ஒரகடத்திலும் உள்ள சோதனை நிலையங்களில் துகள்களை எண்ணுகிறோம். வண்டி சாலையில் இறங்கிய பிறகு, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு, யாரும் எண்ணுவதில்லை. பிறந்த அன்று ஒரு சட்டம், வாழ்நாள் முழுவதற்கும் வேறொரு சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதியில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் அடைக்கச் சொல்கிறேன்.

இந்த அவசரம் ஏன் என்று தாங்கள் கேட்கலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுரங்கங்களில் டீசல் எந்திரங்களுக்கு நடுவே வேலை செய்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உடல்நல வரலாறு அந்த முடிவுக்கு வலுவான சான்றாக நின்றது. 2019இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பன் துகள்களைத் தாயின் நஞ்சுக்கொடியில், குழந்தை இருக்கும் பக்கத்திலேயே கண்டார்கள். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் தடுக்கும் அளவைவிட இந்தத் துகள்கள் மிகச் சிறியவை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன; சில இரத்தத்திலும் கலக்கின்றன. போகும்போது பென்சோபைரீன் போன்ற நச்சுகளையும் மேலே சுமந்துகொண்டு போகின்றன. துகள் சிறிதாகச் சிறிதாக, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும். சுமக்கும் இடமும் பெருகும்.

மணலியிலிருந்து எண்ணூர்த் துறைமுகம் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி, என்ஜினை அணைக்காமல் நிற்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா, லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் கிளீனர் பையன், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கும் பெண். இவர்களில் யாருக்கும் புகை மீட்டரின் பூச்சியம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. கரும்புகை வந்த காலத்தில் முகத்தையாவது திருப்பிக்கொண்டார்கள். இன்று கண்ணுக்குத் தெரியாததால் அதுவும் இல்லை.

வெப்பமயமாதலின் கணக்கும் இதில் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துப் போன வீ. ராமநாதன், இந்தியப் பெருங்கடல் மேல் படர்ந்த பழுப்பு மேகத்தை 1999இல் அளந்த பெரும் ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர். இன்றைய வெப்ப உயர்வில் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடம் கரித்துகளுக்கு என்று 2008இல் அவரும் சக ஆய்வாளர் கார்மைக்கேலும் எழுதினார்கள். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். கரித்துகளோ சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில், மழையோடு இறங்கிவிடும். இன்று நிறுத்தினால் இந்த மாதமே பலன் தெரியும் மாசு இது. அரசுக்கு இதைவிடக் கைமேல் பலன் தரும் வேலை எது?

இனி, டிபிஎஃப் ஏன் கழற்றப்படுகிறது என்பதைப் பேச வேண்டும். கழற்றுகிறவர்களை வெறுமனே குற்றவாளிகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. சேரும் கரியை அவ்வப்போது 550 – 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்படி டிபிஎஃப் வடிவமைக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு தானாகவே கிடைக்கும். நகருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்குக் கிடைக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் என்ஜின் ஊர்ந்து செல்லும் நிலைக்குப் போய்விடும். சரக்கோடு நடுவழியில் நின்ற சங்ககிரி லாரி ஓட்டுநரிடம் பட்டறைக்காரர், "உள்ளே இருக்கும் கட்டையை எடுத்துவிடலாம், கம்ப்யூட்டரிலும் மாற்றி எழுதிவிடலாம், இனி விளக்கே எரியாது" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? புதிய வடிகட்டியின் விலை சிறு உரிமையாளரைக் கடனில் தள்ளும். வாரன்டி முடிந்த பிஎஸ்-6 வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் தொழில் தெருவுக்குத் தெரு வளரும். அதற்குள் விதி வர வேண்டும்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெல்ஜியம் 2022 ஜூலையில் வண்டிகளின் ஆண்டுச் சோதனையில் துகள் எண்ணிக்கையைச் சேர்த்தது. நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் 2023 ஜனவரியில் தொடங்கின. ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையில். ஜெர்மனியில் கன சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் துகள்கள் என்பது வரம்பு. பெல்ஜியத்தில் பத்து லட்சம். நம் மாநிலப் பேருந்துகளில் பிஎஸ்-6 வண்டிகள் பல ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வந்தவை. அந்த நாட்டில் ஒரு பேருந்தின் டிபிஎஃப் நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையை இங்கே வந்த பேருந்துக்கும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

சோதனை எளிது. ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டியதே இல்லை. என்ஜின் சும்மா ஓடும்போது குழாயில் நுனியைச் செருகி ஓரிரு நிமிடங்களுக்குள் அளந்துவிடலாம். கருவி உள்ளே ஆல்கஹால் ஆவியைத் துகள் மேல் படியவைத்து, கண்ணுக்குத் தெரியாத துகளைக் குட்டி நீர்த்துளிபோல் பெரிதாக்கி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880களின் இறுதியில் காற்றிலுள்ள தூசியை எண்ணக் கண்டுபிடித்த வழியின் வழித்தோன்றல் இது. துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, அந்த மின்னோட்டத்தை அளக்கும் மலிவான வகையும் உண்டு. இரண்டையும் ஐரோப்பிய நாடுகள் ஏற்றிருக்கின்றன. இன்றைய சோதனையில் நாள் முழுவதும் சீறும் என்ஜின்களுக்குப் பின்னால் நின்று குழாயைப் பிடிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் இது விடுதலை. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துப் பழைய என்ஜினின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது என்ற சண்டைக்கும் இடமிருக்காது.

இங்கே என்னென்ன தொல்லை வரும் என்பதையும் அறிந்துதான் எழுதுகிறேன். புகை மீட்டரைவிடத் துகள் எண்ணியின் விலை கூடுதல். தெருமுனையில் வேன் வைத்துப் புகைச் சோதனை செய்பவரால் நாளைக்கே வாங்க முடியாது. சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் ஈரப்பதத்தில் மாதிரிக் குழாய்க்குள் நீர் படியும். சூடேற்றிய குழாயும், புகையைச் சுத்தமான காற்றோடு முறையாகக் கலந்து நீர்க்கச்செய்யும் வசதியும் இல்லாத கருவி பொய் சொல்லும். டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொண்ட சற்று நேரத்துக்கு, சுவரில் கரிப்படலம் இல்லாததால், கொஞ்சம் கூடுதலாகவே துகளை விடும். அப்போது சோதனைக்கு வந்த நல்ல வண்டி தவறிவிடக் கூடாது. நம் நகரக் காற்றிலேயே துகள் மிகுதி என்று ஒருவர் வாதிடலாம். பரபரப்பான சாலையோரக் காற்றில்கூடக் கன சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரங்கள் என்ற அளவில்தான் இருக்கும். இரண்டரை லட்சம் அதற்கும் மேலே இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் தீர்வு உண்டு.

நான் கேட்பது இதுதான். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இலேயே வெளியாகி, நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வரும் பிஎஸ்-6 கனரக வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் அந்த நிலையங்களில் துகள் எண்ணிக்கையை முதலில் கட்டாயமாக்குங்கள். முதல் ஆண்டு யாரையும் தோற்கடிக்க வேண்டாம்; எண்ணை மட்டும் பதிவு செய்யுங்கள். புகைச் சான்றுகள் ஏற்கெனவே 'வாகன்' என்ற தேசிய வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தோடு இணைந்திருப்பதால் எந்த மாடல், எந்த வயதில், எந்த மாவட்டத்தில் வடிகட்டி சாகிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அந்தத் தரவை வண்டி எண்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்கள் இலவசமாகவே பகுத்துத் தருவோம். இரண்டாம் ஆண்டு பத்து லட்சம் என்ற தாராளமான வரம்பு; பிறகு இரண்டரை லட்சம். தவறிய வண்டிக்கு, நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து மறுசோதனைக்கு நிற்க வாய்ப்புத் தாருங்கள். கருவிகளை ஆண்டுதோறும் சரிபார்க்க டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மேற்பார்வையில் ஓர் ஏற்பாடு வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சரிபார்க்காத கருவி தரும் எண்ணால் நல்ல சோதனையும் ஓராண்டில் மதிப்பிழந்துவிடும்.

அபராதத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்றும் கேட்கிறேன். டிபிஎஃப்பைக் கழற்றிச் சாம்பலை ஊதி எடுத்துத் திரும்பப் பொருத்தும் சேவை நாமக்கல், சங்ககிரி, கரூர், மாதவரம் போன்ற இடங்களில் நியாயமான கட்டணத்தில் கிடைத்தால், கட்டையை எடுத்து எறியும் தேவை பாதி குறைந்துவிடும். சாம்பல் குறைவாக விடும் ஆயிலைத்தான் பிஎஸ்-6 வண்டியில் ஊற்ற வேண்டும் என்பது பல உரிமையாளர்களுக்கு இன்னும் யாரும் சொல்லாத செய்தி. மலிவான ஆயில் ஊற்றி வடிகட்டியை அடைத்துக்கொண்டு, பிறகு அதை நொந்துகொள்கிறார்கள். மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் தம் பணிமனைகளில் முதலில் இதைச் செய்து காட்டலாம். தண்டனை தேவைப்படும் இடம், கணினியில் வடிகட்டியையே இல்லையென்று மாற்றி எழுதி விற்கும் பட்டறைகள். இன்று பிடிபட்டால் வண்டிக்காரர்தான் மாட்டுகிறார். மாற்றி எழுதியவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்.

பெட்ரோல் வண்டிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறோம். துகளைப் பார்ப்பதே இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய கார்களும் கரி விடுகின்றன, அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பும் இருக்கிறது. டீசலுக்கு வாங்கும் அதே கருவி அவற்றையும் அளக்கும். ஆனால் முதலில் டீசல்.

115ஆம் விதியின் அடுத்த திருத்தத்துக்கான வரைவு எழுதும்போது இந்த ஒரு பத்தியைச் சேர்ப்பது பற்றிக் குழுவில் பேசுங்கள். பேசுவதற்கு முன் ஒரு முறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். தங்கள் அலுவலக டீசல் வண்டியிலேயே வாருங்கள். புகை மீட்டரையும் துகள் எண்ணியையும் ஒரே குழாயில் பொருத்தித் தங்கள் கண்முன் அளந்து காட்டுகிறோம். அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
என்ஜின் புகைக்கரி ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர்,
சென்னை.